நீளக் கட்டிலும் மூடிய கணக்கேடும்: அமெரிக்க ஊடகங்களில் மார்மன்கள்

1953 ஜூலை 26. விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. அன்று சந்திர கிரகணம். அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் ஷார்ட் கிரீக் என்ற சிற்றூருக்குள் அரிசோனா காவலர்களின் வண்டிகள் நுழைந்தன. பலதார மணத்தை விடமாட்டோம் என்று பிரிந்துபோன ஒரு மார்மன் குழுவின் ஊர் அது. ஆண்களைக் கைது செய்வது, குழந்தைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்வது என்பது திட்டம். காவலர்களோடு நிருபர்களும் புகைப்படக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆளுநர் ஹோவர்ட் பைல்தான் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மாநிலத்துக்குள் முளைத்த கலகத்தை அடக்கிவிட்டதாக அன்று காலையே அவர் வானொலியில் பேசினார்.

விஷயம் முன்னதாகவே கசிந்திருந்தது. காவலர்கள் எதிர்பார்த்தது ஓடி ஒளியும் கும்பலை. அவர்கள் கண்டதோ, பள்ளிக்கூடத்து வெளியில் கொடியைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்த ஊர்மக்களை. அடுத்த சில நாட்களில் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்த படங்களில் கலகக்காரர் யாரும் இல்லை. நீளப்பாவாடைத் தாய்மாரும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும்தான் இருந்தார்கள். இருநூறுக்கும் அதிகமான குழந்தைகள் ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். லைஃப் இதழின் பக்கங்களைப் புரட்டிய வாசகருக்குப் பரிதாபம் யார் பக்கம் போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டுத் தேர்தலில் பைல் தோற்றார். தன்னைப் படமெடுக்கத் தானே ஆள் கூப்பிட்ட அரசியல்வாதிக்கு இப்படியும் நேர்வதுண்டு.

இந்தச் சம்பவத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி, சோதனையை ஆதரித்து எழுதிய நாளிதழ்களில் ஒன்று டெசரெட் நியூஸ் என்பது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வெளிவரும் அந்த இதழின் உரிமையாளர் மார்மன் தலைமைச் சபை. ஷார்ட் கிரீக் மக்கள் தாங்கள்தான் அசல் மார்மன்கள் என்றார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றது தலைமைச் சபை. வெளியூர் நிருபர்கள் பலருக்கு இந்த வேறுபாடு அன்றும் பிடிபடவில்லை. 2008இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல்டொராடோ அருகே இதே பிரிவின் பண்ணையில் காவலர் புகுந்து நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகளை அழைத்துச் சென்றபோதும் பிடிபடவில்லை. அந்தப் பிரிவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸ் சிறுமிகள் மீதான பாலியல் குற்றத்துக்காக 2011இல் ஆயுள் தண்டனை பெற்றார். அவர் படத்துக்குக் கீழே தொலைக்காட்சிகள் போட்ட தலைப்பில் ‘மார்மன்’ என்ற சொல் இருந்தது. ஒவ்வொரு முறையும் தலைமைச் சபை விளக்க அறிக்கை விட வேண்டியிருந்தது.

அந்தத் தலைமைச் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேற்பட்டோரைத் தன் உறுப்பினர்களாகக் கணக்குக் காட்டுகிறது. மார்மன் என்று அழைக்காதீர்கள், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று 2018இல் அதன் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் ஊடகங்களைக் கேட்டுக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற மார்மன் டேபர்னக்கிள் இசைக்குழுவே பெயரை மாற்றிக்கொண்டது. இந்தக் கட்டுரை படிமங்களைப் பற்றியது, அந்தப் படிமங்கள் பழைய பெயரில்தான் உலவின என்பதால் இங்கே பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க ஊடகம் மார்மன்களை இழிவுபடுத்தியது என்பது எல்லோரும் சொல்லும் குறை. அது உண்மைதான். ஆனால் அந்த இழிவு யாருக்கு லாபமாக முடிந்தது என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. ஏறத்தாழ 190 ஆண்டுச் செய்தித்தாள்களையும் நாவல்களையும் திரைப்படங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊடகம் மார்மன்களின் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதிலும், பிறகு அவர்களுடைய உள்ளாடையைக் கிண்டல் செய்வதிலும், இடையில் சில காலம் அவர்களுடைய ஒழுக்கத்தை மெச்சுவதிலும் பொழுதைப் போக்கியது. பணம், இனம், பெண்களின் நிலை, குழந்தைகளின் பாதுகாப்பு என்று உண்மையாகவே கேட்கப்பட வேண்டியவை தாமதமாகவும் அரைகுறையாகவும் கேட்கப்பட்டன. வசையும் புகழும் ஒரே மாதிரித் திரையாகத்தான் பயன்பட்டன.

தொடக்கம் அச்சு இயந்திரத்தில். 1833இல் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டென்ஸ் ஊரில் மார்மன்களின் அச்சகத்தை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. ஐந்து ஆண்டு கழித்து அம்மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் அல்லது அழித்தொழிக்க வேண்டும் என்றே எழுத்தில் ஆணையிட்டார். அந்த ஆணை முறைப்படி ரத்தானது 1976இல்தான். இலினாய்க்குத் தப்பியவர்கள் நாவூ என்ற நகரத்தைக் கட்டினார்கள். அங்கே 1844இல் சபையிலிருந்து பிரிந்த சிலர் நாவூ எக்ஸ்பாசிட்டர் என்று ஒரு பத்திரிகை தொடங்கி, ஸ்மித்தின் ரகசியப் பலதார மணத்தை அம்பலப்படுத்தினார்கள். வந்தது ஒரே இதழ். நகர மேயராகவும் இருந்த ஸ்மித் அந்த அச்சகத்தை அழிக்க உத்தரவிட்டார். அதற்காகக் கைதாகி கார்த்தேஜ் சிறையில் இருந்தபோது, 1844 ஜூன் 27 அன்று, முகத்தில் கரி பூசிய கும்பல் ஒன்று உள்ளே புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது. தங்கள் அச்சகம் நொறுக்கப்பட்டதை மார்மன்கள் மறக்கவில்லை. தாங்கள் நொறுக்கியதைப் பற்றிப் பேசுவது குறைவு.

பிரிகம் யங்கின் தலைமையில் 1847இல் மேற்கே பாலைநிலத்துக்குப் போன பிறகும் பத்திரிகைகள் பின்தொடர்ந்தன. 1859 ஜூலையில் நியூயார்க் ட்ரிப்யூன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி சால்ட் லேக் சிட்டிக்கு வந்து யங்கைச் சந்தித்து, கேள்வியும் பதிலுமாக அதை வெளியிட்டார். இதழியல் வரலாற்றில் நேர்காணல் என்ற வடிவத்தின் முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். கிரீலி நல்ல கேள்விகள் கேட்டார். அடிமைமுறை பற்றிக் கேட்டார். தசமபாகமாக வரும் பணம் எங்கே போகிறது, ஆயர்களுக்கு அதில் பங்கு உண்டா என்று துருவினார். ஒரு காசும் இல்லை என்றார் யங். உங்களுக்கு எத்தனை மனைவியர் என்றும் கேட்டார். பதினைந்து என்று பதில் வந்தது. இன்றைக்கு அந்த நேர்காணலைக் குறிப்பிடுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவிருப்பது அந்தப் பதினைந்துதான். தசமபாகக் கேள்வியை யாரும் தொடரவில்லை.

யங் 1877இல் இறந்தபோது பக் என்ற நகைச்சுவை இதழ் அஞ்சலிச் சித்திரம் ஒன்று போட்டது. ஓவியர் ஜோசப் கெப்ளர். ஒரே நீளக் கட்டிலில் வரிசையாகப் படுத்து அழும் விதவைகள். அமெரிக்கக் கேலிச்சித்திரத்தில் மார்மன் என்றால் இந்தக் கட்டில்தான் என்று ஆகிப்போனது. அந்த விதவைகளுக்கு முகம் உண்டு, வாய் கிடையாது.

உண்மையில் அவர்கள் வாய் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். யங்கை மணந்து பின்பு விவாகரத்து கோரிய ஆன் எலைசா யங் ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொன்னார். 1875இல் புத்தகமாகவும் எழுதினார். மேடைகள் நிரம்பின, பத்திரிகைகள் கொண்டாடின. அவர் சொன்ன துன்பம் பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில் சால்ட் லேக் சிட்டியில் விமன்ஸ் எக்ஸ்போனன்ட் என்ற பெண்கள் பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது. 1872இல் தொடங்கி 1914 வரை நடந்தது. நெடுங்காலம் அதன் ஆசிரியராக இருந்த எமலின் வெல்ஸ் தானே ஒரு பலதார மணக் குடும்பத்தின் மனைவி, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். யூட்டாப் பெண்களுக்கு 1870இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. கிழக்குக் கரைப் பத்திரிகைகள் யாரை அடிமைகள் என்று எழுதினவோ அவர்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், எழுதியவர்களின் மனைவியருக்கு ஓட்டு இல்லை. 1887இல் பலதார மணத்தை ஒடுக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் அந்தப் பெண்களின் வாக்குரிமையையும் சேர்த்தே பறித்தது. மீட்பு என்ற பெயரில் நடந்த இந்தப் பறிப்பு கேலிச்சித்திரக்காரர்கள் கண்ணில் படவில்லை.

மார்மன்களைக் கீழைத்தேயத்தவராகக் காட்டுவதும் அந்தக் கால வழக்கம். ஸ்மித்தை முகமது நபியோடு ஒப்பிடுவார்கள், யங்கின் வீட்டைத் துருக்கிய அந்தப்புரமாக வரைவார்கள். இலக்கிய ஆய்வாளர் டெரில் கிவன்ஸ் 1997இல் எழுதிய நூலில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. மார்மன்கள் பார்க்க அண்டைவீட்டு வெள்ளைக்காரரைப் போலவே இருந்தார்கள். ஆங்கிலேய, ஸ்காண்டிநேவிய வம்சாவளி, அதே மொழி, அதே உடை. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாததால் கற்பனையால் அதை உண்டாக்க வேண்டியிருந்தது என்பார் அவர். கற்பனை பத்திரிகையோடு நிற்கவில்லை. 1879இல் ரெனால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்று எழுதி, ஐரோப்பிய நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கியது. 1890இல் டேவிஸ் எதிர் பீசன் வழக்கில், மார்மன்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கிய ஐடஹோ சட்டம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு மதம் என்பதற்குக் கொடுத்த வரையறை கடல் கடந்து நம் ஊர் வரை வந்தது. சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஷிரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை எடுத்து ஆராய்ந்து, கடவுளுக்கும் மனிதனுக்குமான உறவு பற்றிய கருத்து மட்டுமே மதம் ஆகாது, சடங்கும் வழிபாட்டு முறையும் அதில் அடங்கும் என்று விலகிச் சென்றது. மார்மன்களை ஒடுக்கச் செய்த வரையறை மடங்களைப் பற்றிய வழக்கில் நிராகரிக்கப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

புனைகதைக்கு வருவோம். ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்ததே மார்மன் கதையில்தான். 1887இல் வெளியான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலின் பின்பாதியில் பெரும்பகுதி யூட்டாவில் நடக்கிறது. விருப்பமில்லாத இளம்பெண்ணை வல்லந்தமாக மணமுடிக்கிறார்கள். தப்பி ஓடுபவர்களை இரவில் துரத்தும் ரகசியக் கொலைப்படை ஒன்றும் வருகிறது. ஆர்தர் கோனன் டாயில் அப்போது யூட்டாவைப் பார்த்ததே இல்லை. கிடைத்த பரபரப்பு இலக்கியத்திலிருந்து எடுத்துக் கலந்திருந்தார். டேனைட்டுகள் என்ற அமைப்பு 1838இல் மிசௌரியில் சிறிது காலம் இருந்தது உண்மை. அதை நாவல் பல பத்தாண்டு நீட்டி யூட்டா முழுவதும் பரப்பிவிட்டது. 1923இல் டாயில் ஆவியுலக ஆராய்ச்சி பற்றிப் பேச அமெரிக்கா சுற்றியபோது சால்ட் லேக் சிட்டிக்கும் போனார். அவர் கொலைகாரர்களாகச் சித்திரித்த சபையார் தங்களுடைய பெரிய டேபர்னக்கிள் மண்டபத்தையே அவருக்குத் திறந்துவிட்டார்கள். நாவல் ஒரு வரிகூட மாறவில்லை. 2011இல் வர்ஜீனியாவின் ஆல்பமார்ல் மாவட்டப் பள்ளி நிர்வாகம் அதை ஆறாம் வகுப்பு வாசிப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஹோம்ஸ் வழியாக மார்மன் என்ற சொல்லை முதன்முதலில் சந்தித்த தமிழ் வாசகரும் நிறைய இருப்பார்கள்.

சபை 1890இல் பலதார மணத்தை நிறுத்துவதாக அறிவித்தது. உண்மையில் ரகசியத் திருமணங்கள் சில தொடர்ந்தன. ரீட் ஸ்மூட் என்ற மார்மன் தலைவர் செனட்டுக்குத் தேர்வானபோது அவருக்கு இடம் கொடுக்கலாமா என்று 1904 முதல் 1907 வரை நடந்த விசாரணையில் அது வெளிப்பட்டது. இந்த இடத்தில் பத்திரிகைகளின் சந்தேகம் சரியாகவே இருந்தது. சபை 1904இல் இரண்டாம் முறை கடுமையாகத் தடை போட வேண்டி வந்தது. பிறகு மெல்ல மெல்ல வழக்கம் நின்றது. ஆனால் திரைக்கு அது தெரியவில்லை. டென்மார்க்கில் 1911இல் எடுக்கப்பட்ட ‘மார்மனின் பலியாள்’ படமும், இங்கிலாந்தில் 1922இல் வந்த ‘ட்ராப்ட் பை தி மார்மன்ஸ்’ படமும் மிஷனரி இளைஞனை மனோவசியக்காரனாகக் காட்டின. இரண்டாம் படத்தின் நாயகன் மான்செஸ்டர் ஆலைப் பெண்ணை வெறித்த பார்வையாலேயே மயக்கி யூட்டாவுக்குக் கடத்தப் பார்க்கிறான். 1837 முதல் ஆங்கிலேயத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மதம் மாறிக் கப்பலேறிப் போயிருந்தார்கள். ஒரு பெண் தன் புத்தியால் யோசித்து ஊரை விட்டுப் போவாள் என்று நம்ப முடியாதவர்களுக்கு மனோவசியம் வசதியான விளக்கம்.

பிறகு காற்று திசை மாறியது. 1929இல் டேபர்னக்கிள் இசைக்குழுவின் வாராந்திர ஒலிபரப்பு நாடெங்கும் கேட்கத் தொடங்கியது, இன்றும் நிற்கவில்லை. 1940இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ‘பிரிகம் யங்’ என்று பெரும் பொருட்செலவில் படமெடுத்தது. முன்னோடிக் குடியேறிகளின் வீரக் கதை, மனைவியர் விஷயம் ஓரமாக. 1947இல் சபைத் தலைவரை டைம் இதழ் அட்டையில் போட்டது. வரலாற்றாசிரியர் ஜேன் ஷிப்ஸ் 1860 முதல் 1960 வரை அமெரிக்க இதழ்களில் வந்த மார்மன் கட்டுரைகளைத் திரட்டி மதிப்பெண் போட்டுப் பார்த்திருக்கிறார். அருவருப்பிலிருந்து ஏறி நூற்றாண்டின் நடுவில் பாராட்டுக்குப் போகிறது அந்தக் கோடு. காமுகன் என்ற படம் போய்ச் சிக்கனக்காரன், குடிக்காதவன், புகைக்காதவன், பிள்ளைகுட்டிக்காரன் என்ற படம் வந்தது.

இந்தப் புகழ்ச்சியும் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. பெருமந்த காலத்தில் 1936இல் சபை ஒரு நலத்திட்டம் தொடங்கியது. மார்மன்கள் அரசாங்க நிவாரணத்தை நம்பாமல் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. ரூஸ்வெல்ட்டின் திட்டங்களைப் பிடிக்காத முதலாளிப் பத்திரிகைகளுக்கு இது பாயசம். யூட்டாவோ அந்த ஆண்டுகளில் நடுவணரசின் உதவியைத் தாராளமாகப் பெற்ற மாநிலங்களில் ஒன்று. சரிபார்க்க யாரும் மெனக்கெடவில்லை. அதைவிடப் பெரிய மௌனம் இனம் பற்றியது. பிரிகம் யங் காலத்திலிருந்து கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது, கறுப்பினத்தவர் யாரும் ஆலயச் சடங்குகளில் பங்கேற்க முடியாது. ஐம்பதுகளின் புகழ்க் கட்டுரைகளில் இதைத் தேட வேண்டும். கேள்வியைத் தேசியச் செய்தியாக்கியவர்களில் மதநிருபர்களை விட விளையாட்டு வீரர்கள் முக்கியமானவர்கள். 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர்கள் 14 பேர், சபைக்குச் சொந்தமான பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு ஆடும்போது கறுப்புப் பட்டை அணியலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்கப் போனார்கள். பதினான்கு பேரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். விளையாட்டுப் பக்கங்கள் வழியாகவே அந்தத் தடை பல வீடுகளுக்குத் தெரியவந்தது. 1978 ஜூனில் சபை தடையை நீக்கியது.

எண்பதுகளில் நடந்த மார்க் ஹாஃப்மன் விவகாரம் இரு தரப்பின் பலவீனத்தையும் ஒன்றாகக் காட்டிக்கொடுத்தது. அவர் பழைய ஆவண வியாபாரி. சபையின் தொடக்க வரலாற்றைச் சங்கடப்படுத்தும் கடிதங்களைத் தானே தயாரித்து விற்றார். ஸ்மித்துக்குக் காட்சி கொடுத்தது தேவதூதன் அல்ல, வெள்ளை சாலமாண்டர் என்று சொல்லும் கடிதம் அவற்றில் பேர்போனது. அம்பலப்படுத்தத் துடித்த ஊடகமும் சங்கடத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்ள நினைத்த சபையும் ஒரே சரக்குக்கு வாடிக்கையாளர்கள். அதை அந்த மனிதர் சரியாகக் கணித்திருந்தார். குட்டு வெளிப்படும் நிலையில் 1985 அக்டோபரில் குண்டு வைத்து இருவரைக் கொன்றார். நெட்ஃபிளிக்ஸ் 2021இல் இதை ஆவணத்தொடராக எடுத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவை நிறைய, எல்லாவற்றையும் பேசினால் பட்டியலாகிவிடும். ஜான் கிராக்கவர் 2003இல் எழுதிய ‘அண்டர் தி பேனர் ஆஃப் ஹெவன்’, 1984இல் தீவிரப்போக்குச் சகோதரர்கள் இருவர் தம் தம்பி மனைவியையும் அவருடைய குழந்தையையும் கொன்றதை எடுத்துக்கொண்டு, வன்முறைக்கு வேர் சபையின் பிறப்பிலேயே இருக்கிறது என்று வாதிட்டது. கொலை பற்றிய பகுதிகள் உழைத்து எழுதப்பட்டவை. ஒரு கொலையிலிருந்து ஒரு மதத்தின் சாரத்தை எடுப்பது எந்த மதத்துக்கும் செய்யக் கூடிய வித்தை. எச்பிஓவின் ‘பிக் லவ்’ (2006–2011) தொடர் பலதாரக் குடும்பத்தை நடுத்தர வர்க்கப் புறநகர் வீட்டுக்குள் குடிவைத்தது. பாத்திரங்களுக்கு மனமும் குழப்பமும் இருந்தன என்பதே முன்னேற்றம். மீண்டும் கட்டில்தான், கொஞ்சம் நவீனமாக.

2011 மார்ச்சில் பிராட்வேயில் ‘தி புக் ஆஃப் மார்மன்’ இசை நாடகம் அரங்கேறி ஒன்பது டோனி விருதுகளை அள்ளியது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, குறையாத புன்னகை. உகாண்டாவுக்கு அனுப்பப்படும் இரு அப்பாவி இளைஞர்கள். சபை வழக்குப் போடவில்லை, கூச்சல் போடவில்லை. நாடகச் சிற்றேட்டிலேயே விளம்பரம் கொடுத்து, நாடகத்தைப் பார்த்தீர்கள், புத்தகத்தையும் படியுங்கள் என்றது. சாமர்த்தியமான பதில். என் பார்வையில் அந்த நாடகத்தில் அதிகம் அவமானப்படுவது மார்மன்கள் அல்லர். அவர்களுக்காவது பெயரும் ஏக்கமும் சொந்தக் கனவும் உண்டு. உகாண்டா மக்களுக்கு நோயும் வசைச்சொல்லும்தான். கறுப்பின நடிகர்கள் கேள்வி எழுப்பிய பிறகு 2021இல் சில பகுதிகள் மாற்றி எழுதப்பட்டன.

அதே சமயம் மார்மன் அரசியல்வாதி மிட் ராம்னி வெள்ளை மாளிகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். நியூஸ்வீக் 2011 ஜூனில் அவரை நாடகத்து மிஷனரி போலத் துள்ளிக் குதிக்கும் உருவமாக அட்டையில் போட்டது. டல்லாஸ் நகரத்து பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் மார்மன் மதம் கிறிஸ்தவம் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது நாள் கணக்கில் செய்தியானது. உள்ளாடை நகைச்சுவை பெருகியது. சபையின் வயதுவந்த பக்தர்கள் ஆலய உடன்படிக்கையின் அடையாளமாக அணியும் உள்ளுடுப்பு அது. யூதரின் தொப்பியையோ சீக்கியரின் தலைப்பாகையையோ பற்றி எழுத யோசிக்கும் கண்ணியமான பத்திரிகைகளுக்கு இதில் கூச்சம் வரவில்லை. 2014இல் சபையே அந்த உடுப்பை மேசையில் விரித்து வைத்துக் காணொளி வெளியிட்டு, மாய உள்ளாடை என்று எழுதாதீர்கள் என்று வேண்டிக்கொண்டது. ராம்னி பாஸ்டனில் பல ஆண்டுகள் ஊதியமில்லாத ஆயராகவும் வட்டாரத் தலைவராகவும் இருந்தவர். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அந்தரங்கத்தில் முடிவெடுத்தவர். அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பது ஓர் அதிபர் வேட்பாளரிடம் கேட்கத்தக்க கேள்வி. சில நிருபர்கள் தேடிப்போய் எழுதினார்கள், நோயாளிச் சிறுவனின் பக்கத்தில் அமர்ந்ததையும், பெண்களிடம் கடுமையாக நடந்ததையும் சேர்த்து. உள்ளாடை ஜோக்குக்குக் கிடைத்த வாசகர் அதற்குக் கிடைக்கவில்லை.

2012 ஜனவரியில் பியூ ஆய்வு மையம் அமெரிக்க மார்மன்களிடமே கருத்துக் கேட்டது. தங்கள் மதத்தைப் பற்றி அமெரிக்கர்களுக்கு அதிகம் தெரியாது என்றவர்கள் 62 சதவீதம். தொலைக்காட்சியும் சினிமாவும் தங்கள் பெயரைக் கெடுக்கின்றன என்றவர்கள் 54 சதவீதம். ஆனால் செய்தி நிறுவனங்கள் தங்களைப் பொதுவாக நியாயமாக நடத்துகின்றன என்றவர்கள் 52 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களே கேளிக்கையையும் செய்தியையும் பிரித்துப் பார்க்கிறார்கள். சபைத் தலைமையும் விமர்சகர்களும் பல நேரம் பிரிப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். தன் செலவுக் கணக்கை விரிவாக வெளியிடுவதை 1959இல் சபை நிறுத்திக்கொண்டது. கிரீலி கேட்ட கேள்வியை 1997இல் டைம் இதழ் மறுபடி கேட்டது. ‘மார்மன்ஸ், இங்க்’ என்ற அட்டைக் கட்டுரை, சொத்து 3,000 கோடி டாலர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அது வெளியிலிருந்து போட்ட கணக்கு. உள்ளிருந்து ஆள் வர இன்னும் 22 ஆண்டு ஆனது. சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கில் வேலை பார்த்தவர் ஒருவர் வருமான வரித்துறையிடம் கொடுத்த புகாரை வைத்து, அங்கே சுமார் 10,000 கோடி டாலர் குவிந்திருப்பதாக 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பங்குகளின் உண்மையான உடைமையை மறைக்கப் பெயரளவு நிறுவனங்கள் பதின்மூன்றை வைத்து அறிக்கை தாக்கல் செய்ததற்காக 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் என்சைன் பீக்குக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. தவறுகளுக்கு வருந்துவதாகச் சபை அறிக்கை விட்டது. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் ஒரு சாதாரண உறுப்பினருக்கு, யங்கின் மனைவியர் எண்ணிக்கையை விட இந்தச் செய்தி எவ்வளவு நெருக்கமானது! இதற்கு இசை நாடகம் கிடையாது. பெயரளவு நிறுவனத்தை வைத்துப் பாட்டுக் கட்டுவது கஷ்டம்தான்.

2022 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ், குழந்தை மீதான பாலியல் கொடுமை பற்றி ஆயர்கள் அழைக்கும் சபையின் உதவித் தொலைபேசி எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து எழுதியது. அரிசோனாவில் ஒரு தகப்பன் ஆயரிடம் வாக்குமூலம் கொடுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கொடுமை நீடித்ததை நீதிமன்ற ஆவணங்களோடு காட்டியது. சபை கட்டுரையைக் கடுமையாக மறுத்து, தன் உதவி எண்ணைத் தவறாகச் சித்திரிப்பதாகச் சொன்னது. நூற்றைம்பது ஆண்டுக் கேலியின் விலை இங்கேதான் தெரிகிறது. தங்களைப் பற்றி எழுதுவதெல்லாம் துவேஷம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஒரு வாசகர் டாயிலையும் இந்த நிருபரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட முடியும். கேலி செய்தவர்கள் அவருக்கு அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

மவுண்டன் மெடோஸ் இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம். 1857 செப்டம்பரில் ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த குடியேறிகள் சுமார் 120 பேரைத் தெற்கு யூட்டாவின் மார்மன் ஊர்க்காவல் படையினர் கொன்றார்கள். சில பையூட் பழங்குடியினரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழியை நெடுங்காலம் அவர்கள் மேல் போட்டார்கள். தண்டனை பெற்றது ஜான் டி. லீ ஒருவர் மட்டும். 2008இல் சபையோடு தொடர்புள்ள மூன்று வரலாற்றாசிரியர்கள், சபையின் ஆவணக் காப்பகத்தைப் பயன்படுத்தி இந்தப் படுகொலையை மழுப்பாமல் எழுதினார்கள். உள்ளூர்த் தலைவர்களின் குற்றத்தையும், போர்ப்பீதியைக் கிளப்பிய யங்கின் பங்கையும் பிரித்துச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸின் ‘அமெரிக்கன் பிரைமீவல்’ வந்தபோது அந்த உழைப்பின் சுவடே இல்லை. யங் மறுபடி இருட்டில் நிற்கும் வில்லனாகிவிட்டார்.

2024 செப்டம்பரில் ஹூலு ‘தி சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் மார்மன் வைவ்ஸ்’ தொடங்கியது. டிக்டாக்கில் பிரபலமான இளம் யூட்டாத் தாய்மார், நட்பு முறிவு, கிசுகிசு. சபை வேண்டாமென்று ஒதுக்கிய பெயரைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. ஒரு வகையில் இது புதிது: கட்டிலில் வாயற்றுக் கிடந்தவர்கள் இப்போது ஒலிவாங்கி வைத்துக்கொண்டு தாங்களே பேசுகிறார்கள், பேசுவதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். என்ன பேச வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார் என்பது மட்டும் பழையது.

சபையைப் பற்றி ஒழுங்காக எழுதுவது எப்படி என்பதற்கு ஹாலிவுட்டையோ நியூயார்க்கையோ தேடிப் போக வேண்டியதில்லை. சால்ட் லேக் ட்ரிப்யூன் அதே ஊரில், அதே தெருக்களில் இருக்கிறது. 1870இல் பிரிகம் யங்கின் பொருளாதாரப் பிடியை எதிர்த்து வெளியேறிய மார்மன்கள் தொடங்கியது, நீண்ட காலம் சபையை வம்புக்கிழுக்கும் கட்சிப் பத்திரிகையாகவே நடந்தது. இன்று அதன் நிருபர்களில் நம்பிக்கையுள்ள உறுப்பினர்களும் விலகியவர்களும் வெளியாட்களும் இருக்கிறார்கள். ஆயர் என்பவர் யார், வட்டாரச் சபை எப்படி இயங்குகிறது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016இல் அவர்கள் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் புகார் கொடுத்த மாணவியரையே, அந்த நேரத்தில் நீ குடித்திருந்தாயா, ஆணின் அறைக்கு ஏன் போனாய் என்று ஒழுக்க விதி அலுவலகம் விசாரித்தது. அதைப் பெயரோடும் பெயரில்லாமலும் அந்தப் பெண்களே சொன்னார்கள். கட்டுரைகளில் கிண்டல் இல்லை, இறையியல் விவாதம் இல்லை. எந்தப் புகார் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்ற விவரம் இருந்தது. அந்த அக்டோபரில் பல்கலைக்கழகம் விதியை மாற்றியது. புகார் கொடுக்கும் மாணவி மீது ஒழுக்க விதி மீறலுக்கு நடவடிக்கை எடுப்பதில்லை என்றும், புகாரை விசாரிக்கும் அலுவலகத்தையும் ஒழுக்க விதி அலுவலகத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது என்றும் முடிவானது. அந்தத் தொடருக்கு 2017ஆம் ஆண்டின் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.